பென்னலாங் முனையின் அடிப்பலகை

கட்டடக்கலை படிக்காத நண்பர்களுக்காக முதலில் ஒரு சின்ன விளக்கம். மாஸிங் மாடல் என்பது ஒரு கட்டடத்தின் உருவத்தை மட்டும் காட்டுகிற மாதிரி. ஜன்னல் இருக்காது, கதவு இருக்காது, வண்ணம் இருக்காது. தெர்மாகோலை அறுத்தோ, மரத்துண்டை வெட்டியோ, களிமண்ணைப் பிசைந்தோ செய்வார்கள். எங்கே எவ்வளவு கனம் உட்காரப் போகிறது, எது உயரம், எது தாழ்வு, எது எதன் மேல் நிழல் போடும், இவ்வளவுதான் அதில் தெரியும். ஒரு நாளில் பத்து செய்யலாம், ஒன்பதைத் தூக்கிப் போடலாம். வரைபடத்தில் ஒரு கோட்டை அழிக்கத் தயங்குகிறவர்கூட தெர்மாகோல் துண்டை நகர்த்திப் பார்க்கத் தயங்க மாட்டார். அதனால்தான் டிசைன் ஆரம்பிக்கிற இடத்தில் அது இருக்கிறது.

இந்த மாடல்களுக்கு ஒரு அடிப்பலகை உண்டு. மவுண்ட் போர்டை அடுக்கடுக்காக வெட்டி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அதில் காட்டியிருப்பார்கள். பொதுவாக யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஒரு முறை ஒரு மாணவருடைய மாடலைப் பார்த்துவிட்டு, "இந்த மேடு எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டேன். "சர்வே ட்ராயிங்ல இருந்துச்சு சார்" என்றார். அது பதிலே இல்லை என்பது எனக்கே அன்று இரவுதான் உறைத்தது. மேடு சர்வே ட்ராயிங்கிலிருந்து வருவதில்லை. யாரோ கொட்டியிருக்கிறார்கள், அல்லது யாரோ வெட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

அந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் சிட்னி ஓபரா ஹவுஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்தைப் பற்றி எழுத இனிமேல் என்ன மிச்சம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மேலே இருக்கிற வெள்ளை ஓடுகளைப் பற்றி ஒன்றும் மிச்சமில்லை என்றே வைத்துக்கொள்வோம். கீழே இருக்கிற பலகையைப் பற்றிக் கொஞ்சம் இருக்கிறது.

ஓபரா ஹவுஸ் நிற்கிற இடத்துக்குப் பெயர் பென்னலாங் முனை. துறைமுகத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு நாக்கு. 1788 ஜனவரியில் கைதிகளை ஏற்றிக்கொண்டு முதல் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்தபோது அது முனையாகவே இல்லை. ஒரு சின்னப் பாறைத் தீவு. அலை வற்றும்போது நடந்து போகலாம், அலை ஏறினால் தண்ணீர் சூழ்ந்துவிடும். அந்தக் கரை கடிகல் மக்களுடையது. அவர்கள் அதைத் துபோகுலே என்று அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அங்கே சிப்பி பொறுக்கித் தின்று, ஓட்டைப் போட்டுப் போட்டு அது குவியல் குவியலாகக் கிடந்தது.

வந்தவர்கள் முதலில் செய்த காரியம் கப்பலில் வந்த மாடுகளையும் குதிரைகளையும் அங்கே இறக்கியது. கேப் டவுனில் வாங்கியவை. அதனால் கொஞ்ச நாள் அதற்கு மாட்டு முனை என்று பெயர். அடுத்து, வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சிட்னியைச் சுற்றி நல்ல மணற்கல் இருக்கிறது, ஆனால் சுண்ணாம்புக் கல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. சிப்பி ஓட்டைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும், அது எல்லா ஊர்க் கொத்தனாருக்கும் தெரிந்த சங்கதி. கைதிப் பெண்களை அனுப்பி அந்தக் குவியலை அள்ளிச் சுட்டார்கள். சுண்ணாம்புக் காளவாய் முனை என்று இன்னொரு பெயர் வந்தது. ஆளுநர் ஆர்தர் ஃபிலிப்புக்குக் கட்டிய மாடி வீட்டுச் சாந்தில் போனது அந்தச் சிப்பிதான் என்கிறார்கள். ஆக, அந்த இடத்தில் முதலில் இடிக்கப்பட்ட கட்டுமானம் எது என்று கேட்டால், என் கணக்கில் அந்தச் சிப்பிமேடு. அதை யாரும் கட்டுமானம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள், அது வேறு.

பென்னலாங் என்பது ஒரு ஆளின் பெயர். வங்கல் குலத்தைச் சேர்ந்தவர். உள்ளூர் மக்களோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்று 1789 நவம்பரில் ஃபிலிப் அவரைப் பிடித்துவரச் செய்தார். ஆமாம், பிடித்துத்தான். சில மாதங்களில் அவர் தப்பித்துப் போனார். பிறகு தானாகவே, தன் நிபந்தனைகளோடு, உறவை மறுபடி ஏற்படுத்திக்கொண்டார். அந்த நிபந்தனைகளில் ஒன்று, தனக்கு ஒரு வீடு வேண்டும் என்பது. 1790-இல் அந்த முனையில் அவருக்கு 12 அடிக்கு 12 அடி செங்கல் வீடு ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். கடற்படை அதிகாரி வாட்கின் டென்ச் தன் நூலில் அந்த அளவைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பென்னலாங்தான்.

1792 டிசம்பரில் ஃபிலிப்போடு அவரும் யெம்மரவானி என்கிற இளைஞரும் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். யெம்மரவானி 1794-இல் அங்கேயே இறந்துபோனார். பென்னலாங் 1795-இல் திரும்பி வந்தார். அதே ஆண்டில் அவருடைய வீட்டை இடித்துவிட்டார்கள். 1813 ஜனவரியில் அவர் இறந்தார். வீடு ஐந்து வருஷம்தான் இருந்தது, பெயர் மட்டும் அந்த நிலத்தில் ஒட்டிக்கொண்டது.

இப்போது பலகைக்கு வருவோம். 1817-இல் ஆளுநர் லாக்லன் மக்வாரி அங்கே ஒரு கோட்டை கட்ட உத்தரவிட்டார். வடிவமைத்தவர் ஃபிரான்சிஸ் கிரீன்வே. பத்திரத்தில் திருட்டுக் கையெழுத்துப் போட்ட வழக்கில் தண்டனை பெற்றுக் கைதியாக வந்த கட்டடக் கலைஞர். பின்னாளில் ஆஸ்திரேலியா 10 டாலர் நோட்டில் அவர் படத்தையே அச்சிட்டது. கையெழுத்து மோசடிக்காரர் முகம் பணத்தாளில்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1818-லிருந்து 1821 வரை நடந்த வேலையில் அந்த முனையின் பாறையை வெட்டி, அந்தக் கல்லை வைத்துக் கோட்டை கட்டினார்கள். வெட்டியதில் மிஞ்சிய பாறையைக் கொட்டித் தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருந்த கால்வாயைத் தூர்த்தார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டுச் சமமாக்கினார்கள். அப்படித்தான் தீவு முனையானது. மக்வாரிக் கோட்டை சதுரமானது, நாலு மூலையிலும் வட்டக் கொத்தளம், 15 பீரங்கி.

இந்தத் தூர்த்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கோட்டை பெரிதாக எந்தப் போரையும் பார்க்கவில்லை. 1901-இல் இடித்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே டிராம் பணிமனை வந்தது. அதற்கும் மக்வாரிக் கோட்டை டிராம் பணிமனை என்றே பெயர். பெயரோடு நிற்காமல், சுவரின் மேல்விளிம்பில் கோட்டை மதில் மாதிரிப் பல்வரிசையும் வைத்துக் கட்டினார்கள். தளத்தின் வரலாற்றை டிசைனில் கொண்டுவருவது என்று இன்று நாம் பெரிய வார்த்தையில் சொல்கிறோமே, அதை 1902-இல் ஒரு டிராம் ஷெட் இப்படிச் செய்திருக்கிறது. பழைய கட்டடத்தின் முகமூடியைப் புதியதற்கு மாட்டிவிடுவது. மாணவர்களில் பாதிப்பேர் இன்றும் செய்வது இதைத்தான். "இங்க முன்னாடி மில் இருந்துச்சு, அதனால சிம்னி மாதிரி ஒண்ணு வச்சிருக்கேன் சார்." திட்ட மாட்டேன், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த இடம் எப்படி உருவானது என்பதைப் பற்றி அந்தப் பல்வரிசை ஒன்றும் சொல்வதில்லை. கடைசியாக அங்கே என்ன நின்றது என்று மட்டும்தான் சொல்கிறது.

யூஜின் கூஸன்ஸ் என்கிற இசை நடத்துநர் 1947-இல் சிட்னிக்கு வந்து, இந்த ஊருக்கு ஒரு ஓபரா அரங்கம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார். அவர் தலைமை தாங்கிய இசைக் கல்லூரி இருந்த கட்டடம் பழைய ஆளுநர் மாளிகையின் குதிரை லாயம். அதையும் கட்டியது கிரீன்வேதான். டிராம் ஷெட் இருக்கிற முனைதான் தோதான இடம் என்று கூஸன்ஸ் பிடிவாதமாக நின்றார். முதலமைச்சர் ஜோ கேஹில் அதை ஏற்றுக்கொண்டார். உலக அளவில் போட்டி அறிவித்தார்கள். ஒரு பெரிய அரங்கம், 3,000 முதல் 3,500 பேர் வரை. ஒரு சின்ன அரங்கம், 1,200 பேர். வந்தவை 233. 1957 ஜனவரி 29 அன்று முடிவு அறிவித்தார்கள். வென்றவர் யோர்ன் உட்ஸன், டென்மார்க், வயது 38. கூஸன்ஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஒரு அவதூறில் சிக்கி ஊரை விட்டே போய்விட்டிருந்தார்.

உட்ஸன் அதுவரை சிட்னியைப் பார்த்ததே இல்லை. வென்ற பிறகு, 1957 ஜூலையில்தான் முதல் முறை போனார். எங்கள் துறையில் இது பெரிய பாவம். 'சைட் விசிட் இல்லாம டிசைனா?' என்று எந்த ஜூரியிலும் கேட்பார்கள். ஆனால் உட்ஸன் வேறு ஒன்றைச் செய்தார். சிட்னி துறைமுகத்தின் கடல் வரைபடங்களை வாங்கிப் படித்தார். கப்பல் மாலுமிகளுக்கான வரைபடம் என்பது நிலத்தின் சர்வே மாதிரி இல்லை. அதில் ஆழம் இருக்கும், கரையின் உயரம் இருக்கும், தண்ணீரிலிருந்து பார்த்தால் எது எப்படித் தெரியும் என்பது இருக்கும். அவருக்கு அதைப் படிக்கத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய அப்பா ஓகே உட்ஸன் கப்பல் வடிவமைப்பாளர். ஆல்போர்க் நகரத்தில் கப்பல் கட்டும் தளத்தை நடத்தியவர். கப்பல்காரர்கள் அடிவயிற்றின் வளைவை மர மாதிரி செய்து, கையால் தடவிப் பார்த்துத்தான் சரிபார்ப்பார்கள். மாஸிங் மாடல் நமக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த விஷயம். அவருக்கு அது வீட்டில் கிடந்த சாமான்.

இன்னொன்றும் உண்டு. உட்ஸன் வாழ்ந்தது ஹெல்சிங்கோர் பக்கத்தில். அங்கே குரோன்போர்க் என்று ஒரு கோட்டை, டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவிலுள்ள நீரிணையில் நீட்டிக்கொண்டிருக்கிற முனையில் நிற்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நடக்கிற கோட்டை. கப்பலில் போகிறவருக்கு அது எல்லாப் பக்கமும் தெரியும், அதற்கு முதுகுப்பக்கமே கிடையாது. பென்னலாங் முனையும் அப்படித்தான். மூன்று பக்கம் தண்ணீர், படகுகள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 1932-இல் கட்டிய துறைமுகப் பாலம் பக்கத்திலேயே உயரத்தில் போகிறது. அதில் ரயிலில் போகிறவர் கீழே குனிந்து கூரையைப் பார்ப்பார். அப்படியென்றால் தண்ணீர்த் தொட்டியும் காற்றுக் குழாயும் வைக்கிற மொட்டை மாடி அங்கே முடியாது. கூரைதான் முகப்பு. ஐந்தாவது முகப்பு என்று அவர் சொன்னது இதைத்தான்.

இனி கனத்துக்கு வருகிறேன். நிலம் நீளமானது, அகலம் குறைவு. இரண்டு அரங்கம் வைக்க வேண்டும். சாதாரணமாக யோசித்தால் ஒன்றின் பின்னால் ஒன்றாக, ரயில்பெட்டி மாதிரி வைக்கத் தோன்றும். போட்டிக்கு வந்தவர்கள் பலரும் அப்படித்தான் வைத்தார்கள். அப்படி வைத்தால் ஒரு அரங்கத்துக்குத்தான் கடல் கிடைக்கும், மற்றது அதன் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும். உட்ஸன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் கடலை நோக்கி நிற்கும். இரண்டின் மேடையும் ஊர்ப்பக்கம். வருகிறவர் மேடையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்த் தன் இருக்கைக்கு வர வேண்டும், போகிற வழியில் துறைமுகம் முழுக்க விரியும். இந்த ஒரு முடிவை எடுக்க நாலு தெர்மாகோல் துண்டு போதும். அதன் விலையையும் அந்த நாலு துண்டே காட்டிவிடும். அகலத்தைப் பங்குபோட்டதால் மேடைக்குப் பக்கவாட்டு இடம் இல்லாமல் போனது. ஓபராவுக்கு அரங்க அமைப்பை இடமும் வலமும் தள்ள வேண்டும், இங்கே கீழிருந்து மேலே தூக்க வேண்டியதாயிற்று. இன்று வரை ஓபரா பாடகர்களும் வாத்தியக்காரர்களும் இடம் பற்றாது என்று முனகுவது இதனால்தான். தெரிந்தே கொடுத்த விலை என்பது என் எண்ணம். ஆனால் பிற்பாடு, 1967-இல், பெரிய அரங்கம் கச்சேரிக்கு மட்டும் என்று ஆக்கி ஓபராவைச் சின்ன அரங்கத்துக்குத் தள்ளியபோது அந்த விலை இரட்டிப்பானது. அதற்கு உட்ஸனைக் குறை சொல்ல முடியாது.

இரண்டு அரங்கத்துக்கும் அடியில் ஒரு பெரிய மேடைத்தளம். இதை 1949-இல் மெக்ஸிகோ போனபோது பார்த்த மாயர்களின் கட்டுமானத்திலிருந்து எடுத்துக்கொண்டதாக உட்ஸனே எழுதியிருக்கிறார். யுகட்டான் காடு தட்டையானது. காட்டுக்குள் இருக்கிறவனுக்கு வானமும் தெரியாது, தூரமும் தெரியாது. மரங்களின் உச்சி மட்டத்துக்கு ஒரு மேடை எழுப்பி ஏறி நின்றால் திடீரென்று வானம், காற்று, அடிவானம். மாயர்கள் செய்தது இதுதான் என்று அவர் புரிந்துகொண்டார். சிட்னியில் அந்த மேடைக்குள் ஒப்பனை அறை, பணிமனை, வண்டி வந்து சாமான் இறக்குகிற இடம் எல்லாவற்றையும் போட்டு மூடினார். மேலே மக்கள் மட்டும். அதற்கும் மேலே மேகம் மாதிரிக் கூரை. அவருடைய கோட்டுச் சித்திரங்களில் இப்படித்தான் இருக்கிறது, கீழே ஒரு கனமான பட்டை, மேலே மிதக்கிற வளைவுகள், நடுவில் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த வளைவுகளுக்குக் கணிதம் இல்லை. கையால் போட்ட வளைவு. பொறியாளர் ஓவ் அரூப்பின் ஆட்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இது என்ன வடிவம்? பரவளைவா, நீள்வட்டமா, என்ன? வடிவத்துக்குப் பெயர் இருந்தால்தான் கணக்குப் போட முடியும். 1957-லிருந்து நாலைந்து வருஷம் ஒவ்வொரு வடிவமாக முயன்றார்கள். மாதிரிகள் செய்து சோதனை செய்தார்கள். அந்தக் காலத்துக் கணினிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள், கட்டுமானக் கணக்குக்குக் கணினியைப் பெரிய அளவில் பயன்படுத்திய ஆரம்பகால வேலைகளில் இது ஒன்று. ஒவ்வொரு ஓடும் வெவ்வேறு வளைவு என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வேண்டும். யாராலும் கட்ட முடியாது, கட்டினாலும் பணம் பற்றாது.

1961-இல் விடை வந்தது. ஓடுகள் எல்லாம் ஒரே கோளத்தின் துண்டுகள். ஆரம் 75 மீட்டர். ஆரஞ்சுப் பழத்தோலை வெவ்வேறு அளவில் கிள்ளி எடுத்தால் எப்படி ஒவ்வொன்றும் வேறாகத் தெரிந்தாலும் வளைவு ஒன்றாகவே இருக்குமோ, அப்படி. வளைவு ஒன்று என்றால் அச்சும் ஒன்று. கொஞ்சம் அச்சுகளை வைத்துக்கொண்டு தளத்திலேயே கான்கிரீட் துண்டுகளை வார்த்துத் தள்ளலாம். 2,194 துண்டுகள் அப்படி வார்த்தார்கள். மேலே ஒட்டிய ஸ்வீடன் ஓடுகள் 10,56,006.

இந்த விடை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பெரிய மாடலைக் கழற்றி, அதன் ஓடுகளை இடத்தை அடைக்காமல் ஒன்றன் மேல் ஒன்றாக உட்ஸன் அடுக்கிக்கொண்டிருந்தாராம். அடுக்கும்போது பார்த்தால் வளைவுகள் கிட்டத்தட்ட ஒன்றுக்குள் ஒன்று உட்காருகின்றன. அப்படியானால் எல்லாம் ஒன்றிலிருந்து வந்ததாக இருந்தால் என்ன? அவ்வளவுதான். யார் முதலில் சொன்னது என்பதில் அரூப் தரப்புக்கும் உட்ஸன் தரப்புக்கும் பின்னால் மனக்கசப்பு வந்தது, அதனால் இந்தக் கதையைக் கொஞ்சம் உப்புப் போட்டே சாப்பிட வேண்டும். இருந்தாலும் எனக்குப் பிடித்த இடம் இது. காட்சிக்கு வைக்கச் செய்த மாடல் அந்த வேலை முடிந்து ஓரங்கட்டும்போதுதான் பேசியது. மாணவர்கள் ஜூரி முடிந்ததும் மாடலை வாசலிலேயே போட்டுவிட்டுப் போகும்போது இது ஞாபகம் வரும்.

இப்போது அந்தத் தூர்த்த கால்வாய்.

கேஹிலுக்கு அவசரம். தேர்தல் வருகிறது, எதிர்க்கட்சி வந்தால் திட்டத்தையே ஊற்றி மூடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. கூரைக்கு வடிவம் கண்டுபிடிப்பதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, 1959 மார்ச் 2 அன்று, வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் கேஹில் இறந்துபோனார். அவர் அவசரப்படாவிட்டால் கட்டடமே வந்திருக்காது என்பது ஒரு கட்சி. அவசரப்பட்டதால்தான் இவ்வளவு துன்பம் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே உண்மை என்றே நினைக்கிறேன்.

தோண்ட ஆரம்பித்தபோதுதான் முனை எல்லா இடத்திலும் பாறை இல்லை என்பது உறைத்தது. கடல் வரைபடம் உருவத்தைக் காட்டியது. தூரத்திலிருந்து எப்படித் தெரியும் என்பதைக் காட்டியது. ஆனால் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டவில்லை. அது வரலாற்றில் இருந்தது. பழைய தீவின் பாறை ஒரு பக்கம், கைதிகள் கொட்டிய கல்லும் மண்ணும் கடல் தள்ளிய படிவும் இன்னொரு பக்கம், அதற்குள் உப்புத் தண்ணீர் ஊடுருவிக்கொண்டிருந்தது. கட்டடம் இன்று 588 கான்கிரீட் தூண்களில் நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து 25 மீட்டர் ஆழம் வரை இறங்கியவை. இன்னொரு பக்கம், கூரை எவ்வளவு கனம் என்று தெரியாமலேயே மேடைத்தளத்தின் தூண்களைக் கட்டிவிட்டார்கள். கூரை முடிவானபோது அவை தாங்காது என்று தெரிந்தது. உடைத்து, வலுவாகத் திரும்பக் கட்டினார்கள். கீழேயும் தெரியாது, மேலேயும் தெரியாது, நடுவில் ஒரு மேடையைக் கட்டியிருக்கிறார்கள்.

35 லட்சம் பவுண்டில், 1963 ஜனவரியில் முடிப்பதாகச் சொன்ன வேலை 1973 அக்டோபர் 20 அன்றுதான் திறந்தது. செலவு 10 கோடியே 20 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், பெரும்பகுதி லாட்டரிப் பணம். நடுவில் ஆட்சி மாறியது, புதிய அரசு கட்டண பாக்கியை நிறுத்தியது, 1966 பிப்ரவரி 28 அன்று உட்ஸன் விலகினார். ஊரை விட்டுப் போனவர் திரும்ப வரவே இல்லை. 2008 நவம்பரில் இறக்கும்வரை முடிந்த கட்டடத்தைத் தன் கண்ணால் பார்க்கவில்லை. கட்டுவதற்கு முன்னால் வரைபடத்திலும் மாடலிலும் பார்த்தார், கட்டிய பிறகு படத்தில் பார்த்தார். இந்தக் கதையை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. உட்ஸன் அந்த நிலத்தை எவ்வளவு கூர்மையாகப் படித்தார் என்று மேலே நானே மெச்சி எழுதியிருக்கிறேன். வளைகுடா, பாலம், படகு, வெளிச்சம், குரோன்போர்க், மாயர், எல்லாம் அந்தக் கனத்துக்குள் வந்தன. மெக்ஸிகோவின் பூர்வகுடிகள் கட்டிய மேடை வந்தது. துபோகுலே வரவில்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1956-இல் போட்டியாளர்களுக்குக் கொடுத்த விதிப் புத்தகத்திலிருந்து அதை யாரும் கற்றுக்கொண்டிருக்க முடியாது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியா தன் பூர்வகுடிகளை மக்கள்தொகைக் கணக்கிலேயே முழுதாகச் சேர்க்கவில்லை, 1967-இல் பொது வாக்கெடுப்பு நடத்தித்தான் அந்தச் சட்ட வாசகத்தை நீக்கினார்கள். கணக்கில் இல்லாத மனிதர் அடிப்பலகையில் எப்படி வருவார்?

'தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. சிப்பி ஓடு மாதிரி வளைவு போட்டிருப்பாரா? அது டிராம் ஷெட்டின் பல்வரிசை வேலைதான். இப்போதே சில சுற்றுலாக் கையேடுகள் சிப்பிக்கும் கூரைக்கும் முடிச்சுப் போடுகின்றன. அது தற்செயல், அதில் மகிழ ஒன்றுமில்லை. மாறியிருக்கக்கூடியது இன்னும் கீழே இருக்கிறது. இது தீவு, இந்தக் கால்வாய் தூர்த்தது, இங்கே அலை ஏறி இறங்கியது என்று ஒருவர் அந்தப் பலகையில் இரண்டு நிறத்தில் போர்டு வெட்டி ஒட்டியிருந்தால், தூண் போடுகிறவருக்கும் அது உதவியிருக்கும், இங்கே யார் நடந்து போனார்கள் என்று கேட்கிறவருக்கும் உதவியிருக்கும். ஒரே தகவல்தான். பொறியாளருக்கு அது மண் சோதனை, மற்றவர்களுக்கு வரலாறு.

2017-லிருந்து அந்த வெள்ளைக் கூரைமேல் பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை ஒளியாகப் பாய்ச்சுகிறார்கள். பாடு கிலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், கடிகல் மொழியில் நீர் வெளிச்சம் என்று பொருள். நல்ல காரியம். ஆனால் அதுவும் மேலேதான் விழுகிறது.

நீங்கள் எப்போதாவது அங்கே போனால், படிக்கட்டுக்கு எதிரே திரும்பி நின்று ஊர்ப்பக்கம் பாருங்கள். தாவரவியல் பூங்காவின் ஓரத்தில் ஒரு மணற்கல் சுவர் செங்குத்தாக நிற்கும். தார்பியன் பாதை என்று அதன் மேல் போகிற நடைபாதைக்குப் பெயர். இயற்கைப் பாறை மாதிரித் தோன்றும், அது 19-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் வெட்டிய முகம். நிலம் ஒரு காலத்தில் எந்த உயரத்தில் இருந்தது என்று காட்டுகிற ஒரே இடம் அதுதான். நீங்கள் நிற்கிற தரைக்கும் அந்த உச்சிக்கும் நடுவில் இருந்த கல்லை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் செல்ஃபி எடுப்பார்கள்.

அந்த மாணவரை அடுத்த வாரம் மறுபடி பார்த்தேன். மேட்டைப் பற்றி விசாரித்தாராம். பக்கத்துத் தெருவில் கிணறு வெட்டிய மண்ணை முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே கொட்டினார்கள் என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னாராம். "அப்ப அங்க ஃபுட்டிங் போட்டா நிக்காதுல்ல சார்?" என்றார். நிக்காதுப்பா. பிளாக்கை எடுத்து இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.